ஏசி வாங்கப்போகிறவர்

உலகத்தில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கடைக்குப் போவார்கள், கையைக் காட்டுவார்கள், காசைக் கொடுப்பார்கள், வீட்டுக்கு வந்து ‘ஏமாந்துவிட்டோமோ’ என்று ஒரு வாரம் புலம்புவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். வாங்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பணமும் மிச்சம், புலம்பலும் மிச்சம். இந்த இரண்டு கூட்டத்தாராலும் யாருக்கும் எந்தக் கெடுதலும் வந்ததாகத் தெரியவில்லை. இங்கே பேச்சு மூன்றாவது இனத்தைப் பற்றி.

வாங்கப்போகிறவர்.

அவரை உங்களுக்குத் தெரியும். மழை கொட்டுகிற நாளில் குடைக் கடைக்குள் நுழைந்து, இரண்டு குடைகளை விரித்து, இரண்டையும் மாற்றி மாற்றிச் சுழற்றி, கம்பியைச் சுண்டிப் பார்த்து, துணியை முகர்ந்து பார்த்து, கைப்பிடியைத் தோளில் மாட்டி நடந்து பார்த்து, கடைசியில் “யோசிச்சிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டுத் தொப்பலாக நனைந்துகொண்டு வீட்டுக்குப் போனாரே, அவர்தான். கஞ்சனா? இல்லவே இல்லை. அப்படிச் சொன்னால் கண் கலங்கிவிடுவார். சோம்பேறியா? குடைக் கம்பியின் தடிமனைப் பற்றி அவர் திரட்டி வைத்திருக்கும் விவரங்களைப் பார்த்தால் அப்படிக் கேட்க உங்களுக்கு வாய் வராது. இரண்டில் எது மேல் என்று அப்பழுக்கில்லாமல் தெரிந்துவிட்டால் போதும், அடுத்த நிமிடமே வாங்கிவிடுவார். இதுவரை தெரிந்ததில்லை, அவ்வளவுதான்.

இந்த இனத்தில் தேர்ந்தெடுத்த மாதிரி ஒருவர் பல் டாக்டராக இருந்தார். மாடியில் வீடு, கீழே பல் மருத்துவமனை. தெருவில் அவருக்கு ‘அதுவா-இதுவா டாக்டர்’ என்று பெயர். நோயாளிகளுக்கு அவர்மேல் நல்ல மரியாதை, ஏனென்றால் அடுத்தவர் வாய்க்குள் அவருக்குத் தயக்கம் என்பதே கிடையாது. விளக்கைத் திருப்புவார், எட்டிப் பார்ப்பார், “இது போகணும்” என்பார். போய்விடும். அதே மனிதர் சொந்தக் காசில் ஒரு பல் தேய்க்கும் பிரஷ் வாங்க வேண்டுமென்றால் அவர் மனைவி இரண்டு வாரம் விரலால் தேய்க்க வேண்டியிருக்கும்.

“கல்யாணம் மட்டும் எப்படி உடனே பண்ணிக்கிட்டார்?” என்று அவளை ஒருமுறை அவளுடைய தோழி கேட்டாள்.

“எங்க வீட்டுல நான் ஒரே பொண்ணு” என்றாள் மனைவி. “பக்கத்துல வெச்சுப் பாக்க இன்னொண்ணு இல்ல.”

அந்த அம்மாள்தான் மருத்துவமனையின் முன்னறையில் மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நேரம் கொடுப்பது, பணம் வாங்குவது, அழுகிற குழந்தைகளின் அம்மாக்களைத் தேற்றுவது எல்லாம். அவள் இல்லையென்றால் டாக்டர் இன்னும் பல் பிடுங்கும் நாற்காலியை வாங்கப்போகிறவராகவே இருந்திருப்பார்.

கோடை ஆரம்பித்த முதல் வாரம், டாக்டர் ஒரு வங்கிக் காசாளரின் கடைவாய்ப் பல்லில் மும்முரமாகத் துளை போட்டுக்கொண்டிருந்தபோது, சுவரில் இருந்த பழைய ஏசி ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு விடவில்லை. மெக்கானிக் வந்து மூடியைக் கழற்றிப் பார்த்து, துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

“சாயங்காலம் கடைக்குப் போய் ஒண்ணு வாங்கிட்டு வந்திடலாங்க” என்றாள் மனைவி.

“வாங்கிடலாம்” என்றார் டாக்டர்.

நம்புங்கள், உண்மையாகவே வாங்கத்தான் புறப்பட்டார். வெயிலின் கொடுமை அப்படி. இருவரும் செருப்பு மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டார்கள். அப்போது மதில்சுவருக்கு மேலே ஒரு தலை முளைத்தது. அடுத்த வீட்டுக்காரர். குழாய்த் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது சம்பளத்திலிருந்து மட்டும்தான், மேற்பார்வையிலிருந்து இல்லை.

“எங்க கிளம்பிட்டீங்க ரெண்டு பேரும்?”

“ஏசி வாங்க.”

“ஏசியா? எந்த ஏசி? சூட்டைக் காத்துல கொட்டறதா, மண்ணுல கொட்டறதா?”

டாக்டர் நின்றார். அவர் முகத்தில், பசித்தவன் மூக்கில் பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனை பட்டது போல ஒரு மலர்ச்சி. “அப்படி ரெண்டு இருக்கா?” என்று கேட்டார்.

மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு இருக்கிறதுதான். ஏசி என்றால் குளிரைத் தயாரிக்கிற இயந்திரம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால் அது தப்பு. அது வெறும் சுமைதூக்கி. அறைக்குள் இருக்கும் சூட்டை வாரிக்கொண்டு போய் வெளியே கொட்டிவிட்டு வரும். ஊரெல்லாம் பார்க்கிற சாதாரண ஏசி, வெளிச்சுவரில் தொங்குகிற பெட்டி வழியாகக் காற்றில் கொட்டுகிறது. விலை குறைவு, அரை நாளில் மாட்டிவிடலாம். ஆனால் கோடையில் வெளிக்காற்றே கொதித்துக்கொண்டிருக்கும்போது அதில் மேலும் சூட்டைத் திணிக்க அது படாத பாடு படும், மின்சாரத்தையும் குடித்துத் தள்ளும். மற்றது, நிலத்துக்குள் ஆழமாகத் துளை போட்டுக் குழாய் இறக்கி, அதில் தண்ணீரைச் சுற்றவிட்டு, சூட்டை மண்ணில் கொண்டுபோய் இறக்குகிறது. மேலே என்ன வெயில் அடித்தாலும் ஆழத்தில் மண் தன்பாட்டுக்கு ஒரே சீராக இருப்பதால் அலட்டிக்கொள்ளாமல் வேலை செய்யும், மின்சாரச் செலவும் குறைவு. ஆனால் துளை போடுகிற செலவு இருக்கிறதே, அதைக் கேட்டால் ஏசி இல்லாமலே உடம்பு சில்லிட்டுவிடும்.

டாக்டர் ஒன்றுக்குக் காற்று ஏசி என்றும் மற்றதற்கு மண் ஏசி என்றும் பெயர் வைத்தார். இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லும்போது அவர் குரலில் இரட்டைக் குழந்தை பெற்ற தகப்பனின் பெருமை இருந்தது.

அன்று தொடங்கியது ஒப்பீடு. மருத்துவமனையில் ‘பல் துலக்குவது எப்படி’ என்று ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. அதைத் திருப்பி மாட்டி, வெற்றுப் பக்கத்தில் நடுவே ஒரு கோடு போட்டார். இடப்பக்கம் மண், வலப்பக்கம் காற்று. நோயாளிகள் உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்தால் நேர் எதிரே அதுதான் தெரியும். வேறு எங்கும் பார்க்கவும் முடியாது. ஒரு பல் டாக்டருக்கு வாய்க்கிற மாதிரிச் சபை வேறு யாருக்கு வாய்க்கும், சொல்லுங்கள்? எழுந்து போக முடியாத, குறுக்கே பேச முடியாத, வாயைப் பிளந்துகொண்டே கேட்கிற சபை!

“நீங்க என்ன நினைக்கறீங்க?” என்று காசாளரைக் கேட்டார், இரண்டு கையும் அவர் வாய்க்குள் இருக்க. “மண்ணா, காத்தா?”

“ஆஆ.”

“நானும் அதேதான் நினைச்சேன். மண்ணுதான். ஆனா துளை போடற செலவு?”

“ஆஆஆ!”

“பாத்தீங்களா, அங்கதான் உங்களுக்கும் இடிக்குது. இருபது வருஷம் ஓடும்ங்கறான். குழாய் அதுக்கு மேலயும் இருக்குமாம். அப்ப வருஷத்துக்கு என்ன ஆகுதுன்னு பாக்கணும் இல்லையா?”

டாக்டரின் நெற்றியிலிருந்து ஒரு வேர்வைத் துளி புறப்பட்டு, மூக்கு நுனிக்கு வந்து, அங்கே நின்று இப்படியா அப்படியா என்று யோசித்தது. காசாளர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மண் ஏசியைப் பற்றி அப்போது அவருக்குத் திட்டமான கருத்து எதுவும் இருந்ததாகச் சொல்ல முடியாது. வாய் கொப்பளித்து முடிந்ததும் மெதுவாகச் சொன்னார்: “டாக்டர், எதுவா இருந்தாலும் சரி. இப்போதைக்கு ஒரு ஃபேனாவது வாங்கி வெச்சிடுங்களேன்.”

“ஃபேனா?” என்று டாக்டர் நிமிர்ந்தார். “மேல மாட்டறதா, தரையில நிக்கறதா?”

காசாளர் பணத்தை மேசையில் வைத்துவிட்டு மீதியைக்கூட வாங்காமல் போனார்.

காற்று ஏசிக்காக டாக்டர் கடைத்தெருவில் ஒரு கடைக்கு ஏழெட்டு முறை போய்வந்தார். விற்பனையாளர் துடிப்பான ஆள்.

“வெளியில சூடு ஏற ஏற இது எவ்வளவு திணறும்?” என்று டாக்டர் கேட்டார்.

“இது திணறவே திணறாது சார்.”

“எல்லாமே திணறும்ப்பா. எவ்வளவுன்னுதான் கேக்கறேன்.”

விற்பனையாளர் கொஞ்ச நேரம் யோசித்தார். “இந்தக் கலர்ல திணறாது சார்” என்றார்.

மண் ஏசிக்காகத் துளை போடும் கான்ட்ராக்டர் ஒருவரை வரவழைத்தார். அவர் கொல்லைப்புறத்தைக் காலால் அளந்தார், மதிலைத் தட்டிப் பார்த்தார், வண்டி உள்ளே வர மதிலை இடிக்க வேண்டும் என்றார். ஒரு துளை போதாது, நாலைந்து வேண்டியிருக்கும் என்றார்.

“அடியில பாறை இருந்தா?” என்றார் டாக்டர்.

“உடைச்சிடுவோம். செலவு கூட ஆகும்.”

“பாறை இல்லைன்னா?”

“அப்ப மண்ணு சரியும். அதுக்குத் தனியா உறை இறக்கணும். அதுக்கும் செலவு கூட ஆகும்.”

“ரெண்டுல எது நல்லது?”

“உங்களுக்கா, எனக்கா?” என்றார் கான்ட்ராக்டர்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு டாக்டர் கணக்குப் போட்டார். மண் ஏசிக்கு முதலில் அதிகமாகக் கொட்டிய பணம், மின்சாரத்தில் மிச்சமாகி மிச்சமாகி, எத்தனை வருடத்தில் திரும்பி வரும்? ஒருநாள் ஏழு வருடம் என்று வந்தது. மறுநாள் மின்சார விலையைக் கொஞ்சம் குறைத்துப் போட்டதில் பத்தொன்பது என்று வந்தது. இன்னொரு நாள், வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியதாலோ என்னவோ, வாங்குவதற்கு முன்பே பணம் திரும்பி வந்துவிட்டதாகக் காட்டியது. அன்று முழுவதும் டாக்டர் பணக்காரர் போல நடந்துகொண்டார்.

“பத்தொம்பது வருஷம்னே வெச்சுப்போம்” என்று மனைவியிடம் ஆரம்பித்தார். “அதுக்கப்புறம் முழுக்க லாபம்தான்.”

“அதுக்கப்புறமா? அப்ப உங்க வாயிலயே பல்லு இருக்காதுங்க. இதே ஆளுங்கதான வருவாங்க? அவங்க வாயில எங்க இருக்கப்போகுது? பொக்கை வாய்க்கெல்லாம் எதுக்கு ஏசி?”

“நீ இப்படித்தான் எதையும் சின்னதா பாப்பே.”

“சரி, பெருசாவே கேக்கறேன். வருஷக்கணக்கா நம்ம வீட்டுச் சூட்டையெல்லாம் மண்ணுக்குள்ளயே இறக்கிட்டு இருந்தா, மண்ணுக்கே காய்ச்சல் வந்திடாதா?”

எரிச்சலில் கேட்டது. கேட்ட மறு கணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஏனென்றால் டாக்டரின் கண்கள் விரிந்தன. சூடு இறங்கிக்கொண்டே இருந்தால் மண் மெல்ல மெல்லச் சூடாகும்தான். அப்படியானால் ஒவ்வொரு வருடமும் எவ்வளவு? அந்தப் படத்தின் பின்பக்கத்தில் இன்னொரு வரி ஏறியது. நல்லவேளை இடம் இருந்தது என்றார் டாக்டர்.

கான்ட்ராக்டர் சொன்னதையும் அவர் நம்பவில்லை, கடைக்காரர் சொன்னதையும் நம்பவில்லை. மண்ணைத் தானே சோதிப்பது என்று முடிவு செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் மண்வெட்டியோடு இறங்கினார். மாலைக்குள் இடுப்பளவு. அடுத்த ஞாயிறு கழுத்தளவு. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டார். விட்டவர், அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கக் குழிக்குள் குனிந்தார். முகத்தில் ஒரு குளிர்ச்சி. உள்ளே இறங்கி உட்கார்ந்தார். முதுகை மண்ணில் சாய்த்தார். அடடா! மேலே உலகம் வெந்துகொண்டிருக்க, உள்ளே பானைக்கடியில் வைத்த ஈர மணல் மாதிரி சுகமான குளிர்ச்சி. ஆராய்ச்சிக்காக என்று சொல்லி அன்றாடம் மதியம் அங்கேயே போய் உட்கார ஆரம்பித்தார். தலைக்கு மேலே குடை. அதுவும் பழைய குடைதான்.

மதிலுக்கு மேலே தலை முளைத்தது. “என்ன டாக்டர், ஏதாவது தொலைஞ்சு போச்சா?”

“இல்ல, மண்ணோட குணத்தைப் பாக்கறேன்.”

“எப்படி இருக்கு?”

“என்னைக் கேட்டா, மண்ணுதான் ஜெயிக்கும்போல.”

“அப்படிச் சொல்லிட முடியாது. காத்தையும் இதே மாதிரி சோதிக்கணும் இல்ல? இல்லைன்னா மண்ணுக்குப் பரிஞ்சு பேசின மாதிரி ஆயிடும்” என்றார் அடுத்த வீட்டுக்காரர். நியாயம்தானே என்று பட்டது. மறுநாள் டாக்டர் மொட்டை மாடியில் உச்சி வெயிலில் போய் உட்கார்ந்தார். அரைமணி நேரத்தில் மனைவி வந்து கையைப் பிடித்துக் கீழே இறக்கிக்கொண்டு போனாள். காற்றுக்கு அன்று மதிப்பெண் குறைந்தது.

அந்தச் சமயத்தில் தெருக்கோடியில் இன்னொரு பல் டாக்டர் கடை போட்டிருந்தார். கண்ணாடிக் கதவு. அந்தக் கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் குளிர்ந்த காற்று ஒன்று வெளியே வந்து நடைபாதையில் போகிறவர்களின் கணுக்காலைத் தொட்டுவிட்டுப் போகும். தொடப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு அந்த இடத்திலேயே பல் வலித்தது.

மனைவி முன்னறையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். காசாளர் மழையில்லாத நாளில் குடையை முகத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு இந்த வாசலைத் தாண்டி அந்தக் கோடிக்குப் போனார். அவர் பின்னால் தையல்கார அம்மாள். அவளுக்குப் பின்னால் முந்தின வாரம்தான் பாதிப் பல்லை இங்கே சரிசெய்துகொண்ட பள்ளி வாத்தியார், மீதிப் பாதியோடு.

“எல்லாரும் அங்க போறாங்கங்க” என்றாள்.

“போகட்டும். அவர் மாட்டியிருக்கறது பழைய ரகம். கரண்ட் பில் வந்தா உக்காந்து அழுவார்.”

“அழட்டுங்க. ஏசியில உக்காந்து அழுவார்.”

அவள் விடவில்லை. “இந்த வாரம் நம்ம வாசல்ல ஏறினவங்க ரெண்டே பேர். ஒருத்தர் விலாசம் கேக்க வந்தவர். இன்னொருத்தர் அந்தத் துளை போடறவர். இப்படியே போனா மருத்துவமனைய மூடிட்டு அந்தக் குழிக்குள்ளயேதான் குடும்பம் நடத்தணும். உங்களுக்கு நான் வேணுமா, ஒப்பீடு வேணுமா?”

பொறுத்துக்கொள்ள முடியாத ஒரு கணம் டாக்டர் யோசித்தார். யோசித்தார் என்பதைக் கவனியுங்கள். அவள் விறுவிறுவென்று மாடிக்குப் போய்விட்டாள்.

அன்று குழியில் உட்கார்ந்திருந்தபோது அவருக்குக் குளிர்ச்சி தெரியவில்லை. மனைவி கேட்டதற்கு உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை? ஏன் ஒன்றையும் சட்டென்று செய்ய வரவில்லை? வாங்கப்போகிறவர் இனத்தின் ரகசியம் அப்போதுதான் அவருக்கே பிடிபட்டது. அவருக்குப் பயம் செலவைப் பற்றி இல்லை, சூட்டைப் பற்றியும் இல்லை. வாங்கிய மறுநாள் யாராவது ஒருவர் வந்து, வாங்கியதைச் சுற்றிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, “அடடா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?” என்று சொல்லிவிடுவாரே, அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் பயம். அந்த வாக்கியத்தைக் கேட்காமல் இருக்கவே மனிதர் வாழ்நாளெல்லாம் எல்லாரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டிருந்தார்.

தெரிந்துகொண்டால் மட்டும் என்ன ஆகிவிடும்? மறுநாளும் கணக்குத்தான் போட்டார். கணக்குப் போட்டுக்கொண்டே கெட்டியான பிஸ்கட் ஒன்றைக் கடித்தார். சடக். உடைந்தது பிஸ்கட் இல்லை.

கடைவாய்ப் பல். சொந்தப் பல். கண்ணாடியைச் சுவரில் சாய்த்து, விளக்கைத் திருப்பி, வாயைப் பிளந்து தானே பார்க்க முயன்றார். இடது கை என்று நினைத்தது வலது பக்கம் போனது. வலி உச்சந்தலைவரை ஏறியது. பிடுங்குவதா, அடைப்பதா என்று சொந்த வாயை வைத்தே ஒரு ஒப்பீட்டை ஆரம்பிக்கப் பார்த்தார். மனைவி பேச்சே எடுக்கவில்லை. பர்ஸை எடுத்தாள், அவர் கையைப் பிடித்தாள், தெருக்கோடிக்கு நடத்திக்கொண்டு போனாள்.

கண்ணாடிக் கதவு திறந்தது. வலிக்கு நடுவிலும் டாக்டரின் உடம்பு முழுவதும் ஒரு பேரானந்தம் பரவியது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த காசாளர் பத்திரிகையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

தெருக்கோடி டாக்டர் வாயார வரவேற்றார். சாய்த்தார், வாயைத் திறக்கச் சொன்னார், கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே பஞ்சை அடைத்தார், ஒரு ஊசி போட்டார். பிறகு நிதானமாக ஆரம்பித்தார்.

“நீங்க ஏசி விஷயத்துல பெரிய ஆராய்ச்சியெல்லாம் பண்றீங்களாமே? நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. மண் ஏசின்னா என்ன? தண்ணியை மண்ணுக்குள்ள ஊத்திக்கிட்டே இருக்கறது. வீட்டைச் சுத்திக் கொசு வந்திடும்.”

டாக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தண்ணீர் மண்ணில் ஊறாது, மூடிய குழாயில் சுற்றுகிறது! அதைச் சொல்ல வாயெடுத்தார். வாய் ஏற்கெனவே அடுத்தவர் கையில் இருந்தது. “ஆஆ!” என்றார்.

“ஆமா, நீங்களே ஒத்துக்கறீங்க. அதோட, ஆழத்துல குளிர்ச்சியா இருக்கும்னு எவன் சொன்னான்? எரிமலையெல்லாம் எங்கேருந்து வருது? மண்ணுக்குள்ளேருந்துதானே?”

“ஆஆஆ! ஆஆ! ஆஆஆ!”

“அடடா, வலிக்குதா? இருங்க, இன்னொரு ஊசி போட்டுடறேன்.”

போட்டார். அத்தனை நாளாகச் சேர்த்துவைத்த விவரங்கள், வருடக் கணக்குகள், குழாயின் ஆயுள், பாறையின் குணம் எல்லாம் தொண்டைக்குள் முட்டிமோதிக்கொண்டு நின்றன. கண்ணோரத்தில் நீர் வழிந்தது. இரண்டாவது ஊசியில் உதடு, நாக்கு, பாதி முகம் எல்லாம் மரத்துப்போய், பல் கழன்று வந்ததும் தெரியவில்லை, தான் பேசுவதும் தெரியவில்லை.

வெளியே வந்ததும் மனைவி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கடைத்தெருப் பக்கம் திரும்பினாள். ஏசிக் கடைக்குள் நுழைந்தாள். டாக்டரைப் பார்த்ததும் அந்தத் துடிப்பான விற்பனையாளரின் முகம் வாடியது.

“இந்த ஏசிதான். எடுத்துக்கறோம்” என்றாள் மனைவி.

டாக்டர் பதறினார். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மண்ணுக்குக் காய்ச்சல் வருகிற கணக்கு இன்னும் முடியவில்லை. “வேவா!” என்றார். “வேவா! வேவா!”

“சார் என்ன சொல்றார்மா?”

“வேகமாவாம்” என்றாள் மனைவி. “இன்னிக்கே மாட்டணுமாம்.”

“மாட்டிடலாம்மா. கலர் வெள்ளையா, சாம்பலா?”

மரத்துப்போன முகத்திலும் டாக்டரின் ஒரு கண் பளிச்சென்று எரிந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும்படி கையை உயர்த்தினார். உயர்த்திய கையை மனைவி அன்போடு பிடித்துக் கீழே இறக்கினாள். “வெள்ளை” என்றாள்.

சாயங்காலத்துக்குள் மாட்டிவிட்டுப் போனார்கள். மனைவி பொத்தானை அழுத்தினாள். அறை குளிர்ந்தது. டாக்டர் தன் நோயாளி நாற்காலியிலேயே சாய்ந்து, வீங்கிய கன்னத்தைக் குளிர்ச்சிக்குக் காட்டிக்கொண்டு கிடந்தார். நாக்குக்கு உயிர் வந்துகொண்டிருந்தது. மனத்தில் மட்டும் ஒரு படபடப்பு. இப்போது யாராவது வருவார். உதட்டைப் பிதுக்குவார்.

வந்தார் அடுத்த வீட்டுக்காரர். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, புது ஏசியை அண்ணாந்து பார்த்தார். டாக்டர் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அடுத்த வீட்டுக்காரர் அதற்கு நேர் கீழே போய் நின்றார், கண்ணை மூடினார், வெகுநேரம் அப்படியே நின்றார்.

“டாக்டர்” என்றார் கடைசியில். “தினமும் சாயங்காலம் கொஞ்ச நேரம் நான் இங்க வந்து உக்காந்துக்கலாமா?”

“உங்க வீட்டுல எது? மண்ணா, காத்தா?” என்றார் டாக்டர், குழறிக்குழறி.

“எங்க வீட்டுல ஜன்னல்” என்றார் அவர்.

டாக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது, இருந்தாலும் சிரித்தார். மனைவி மூன்று பேருக்கும் காபி கொண்டுவந்தாள். காபியை வாங்கிக்கொண்டு அவளைப் பார்த்து, “நீதான் வேணும்” என்றார் டாக்டர், எந்த யோசனையும் இல்லாமல். அடுத்த வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. “மெதுவா குடிங்க, கன்னத்தைச் சுட்டுக்கப்போறீங்க” என்றாள்.

இரண்டொரு வாரத்தில் கூட்டம் திரும்பி வந்தது. காசாளரும் வந்தார். நாற்காலியில் சாய்ந்து, மேலே பார்த்து, வாய் திறப்பதற்கு முன்பே மரியாதைக்காகக் கேட்டுவைத்தார்: “கடைசியில காத்துதான் ஜெயிச்சுதா டாக்டர்?”

டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “அதெல்லாம் ஏனோதானோன்னு எடுத்த முடிவு இல்லை” என்று தொடங்கினார். “மண்ணுல இறங்கிப் பாத்திருக்கேன். மாடியில ஏறிப் பாத்திருக்கேன். எல்லாப் பக்கமும் அலசி ஆராய்ஞ்சு, நம்ம இடத்துக்கு, நம்ம அளவுக்கு, இதுதான் சரின்னு தீர்க்கமா முடிவு பண்ணித்தான் வாங்கினேன். வாயைத் திறங்க.”

முன்னறையில் மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் கேட்டது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லைபோலும் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

அவ்வளவுதான் கதை. நீங்கள் எழுந்து உங்கள் வேலையைப் பார்க்கப் போகலாம். ஆனால் போகவில்லை, இல்லையா? ‘அதெல்லாம் இருக்கட்டும், டாக்டர் போட்ட கணக்கு கடைசியில் ஏழா, பத்தொன்பதா? உண்மையில் எதுதான் மலிவு என்று இந்த ஆள் சொல்லவே இல்லையே’ என்று உள்ளுக்குள் ஒரு குடைச்சல் இருக்கிறதே, அது உங்களுக்கு இல்லையென்றால் மிகவும் நல்லது. இருந்தால், யாரையும் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னால், தலையைக் கொஞ்சம் திருப்பி, உங்கள் வீட்டில் யாராவது ஒன்றும் பேசாமல் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.